ரொனால்ட் ராஸும் கொசுவின் கணக்கும்

ஸர் ரொனால்ட் ராஸ் என்னும் பெயரைப் பள்ளிப் பாடபுத்தகத்தில் நாம் யாவரும் ஒருமுறை கண்டிருப்போம். மலேரியா கொசுவினாற் பரவுவதென்று கண்டுபிடித்தவர், நோபெல் பரிசு பெற்றவர் என்னும் இரண்டு செய்திகளைப் பரீட்சைக்காக நெட்டுருச் செய்து, பரீட்சை கழிந்த மறுநாளே அவற்றை மறந்தும் இருப்போம். ஆயினும் அவர் சரித்திரத்தைச் சற்று ஊன்றிப் படித்தபொழுது, அவர் தம் வாழ்நாளின் தலையாய பணியென்று கருதியது அக்கண்டுபிடிப்பை அன்று என்பதை அறிந்து வியப்புற்றோம். கொள்ளைநோய்கள் எக்கணக்குப்படி பெருகுகின்றன, எக்கணக்குப்படி அடங்குகின்றன என்று வகுத்துக் காட்டியதையே அவர் தம் முதன்மையான தொண்டாக எண்ணினார். அக்கணக்கைப் பாடபுத்தகங்கள் சொல்வதில்லை. அதனை நம் கலாசாலை நண்பர்களுக்கு இயன்ற அளவு விளக்க வேண்டுமென்னும் ஆசையே இக்கட்டுரைக்குக் காரணம்.

ராஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி, இமயமலைச் சாரலிலுள்ள அல்மோரா என்னும் ஊரிற் பிறந்தார். வடநாட்டில் சிப்பாய்க் கிளர்ச்சி மூண்டு மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தையார் இந்தியப் பட்டாளத்தில் உயர்பதவி வகித்தவர். அவருடைய மக்கள் பதின்மருள் மூத்தவரான ராஸ் எட்டாம் வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்று, வைட் தீவில் உறவினர் இல்லத்தில் வளர்ந்தார். பாலியத்தில் அவர் மனத்தைக் கவர்ந்தவை கவிதை, இசை, சித்திரம், கணிதம் என்னும் நான்கு. வைத்தியம் அவற்றுள் இல்லை. தந்தையாரோ மகன் வைத்தியனாகி இந்தியாவில் உத்தியோகம் ஏற்கவேண்டுமென்று உறுதி கொண்டிருந்தார். 1874இல் இலண்டனிலுள்ள பரிசுத்த பர்த்தலமேயு வைத்தியசாலையில் மாணவராகச் சேர்ந்த ராஸ், அங்கும் பாட்டிலும் நாடகத்திலுமே பெரும்பொழுது போக்கினார். ஒரு பரீட்சையில் தேறினார், மற்றொன்றில் தவறினார். சிறிதுகாலம் கப்பல் வைத்தியராக அட்லாந்திக் கடலில் சென்று மீண்டு, இரண்டாம் முறை எழுதித் தேறி, 1881இல் இந்திய வைத்தியப் பகுதியிற் சேர்ந்தார். நோபெல் பரிசு பெற்றவரும் பரீட்சையில் தவறியதுண்டு என்பது நம் வகுப்பு நண்பர் சிலருக்கு ஆறுதல் அளிக்கக்கூடும். அவர் மறுமுறை எழுதித் தேறினார் என்பதையும் அவர்கள் சேர்த்து நினைத்துக்கொள்வார்களாக.

அவ்வாண்டே அவர் சென்னை இராஜதானிக்கு வந்தார். சென்னை, பெங்களூர், பர்மா, அந்தமான் என ஊரூராக மாற்றப்பெற்றார். பட்டாளத்து வைத்தியருக்கு அக்காலத்தில் ஓய்வு மிகுதி. அவ்வோய்வில் அவர் செய்யுள் இயற்றினார், நாவல்கள் எழுதினார், கணித நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தார். அவர் செய்யுட்கள் சிலவற்றை நாம் படித்துப் பார்த்தோம். உணர்ச்சியும் சொல்வளமும் அவற்றில் உண்டு, சொற்சுருக்கம் இல்லை. தமிழ்ச் செய்யுளின் செறிவிற் பழகிய நமக்கு அக்குறை பெரிதாகவே தோன்றுகிறது. கவிஞராக அவர் நிலைபெற்றிருப்பாரா என்பது ஐயமே. ஆனால், காணாத ஒன்றைக் கண்முன் நிறுத்திக்கொள்ளும் கற்பனையும், எண்ணும் எழுத்துமாக ஒன்றைப் பிழையறக் கோக்கும் கணிதப் பயிற்சியும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தமை பிற்காலத்தில் மிகப் பயன்பட்டது.

1883இல் பெங்களூரில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை இங்கே சொல்லவேண்டும். அவர் தங்கியிருந்த வீட்டிற் கொசுத்தொல்லை பொறுக்க முடியாததாயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற தண்ணீர்ப் பீப்பாய் ஒன்றில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டு அதனைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. பட்டாளத்தார் இருப்பிடமெங்கும் இவ்வாறே செய்யலாமே என்று அவர் சொன்னதற்கு மேலதிகாரி இணங்கவில்லை. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ராஸ் அன்று கனவிலும் கருதியிருக்கமாட்டார். எனினும் அவர் பின்னாளிற் சொன்ன மருந்து அப்பீப்பாயிலேயே இருந்தது.

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியிற் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்றே குளிர்காய்ச்சலை விளைவிப்பதென்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1880இல் அல்ஜீரியாவில் லாவரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர், நோயாளியின் இரத்தத் துளியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, அதனுள் உயிருள்ள நுண்ணிய ஒட்டுண்ணி இருப்பதைக் கண்டார். ராஸ் அதனை முதலில் நம்பவில்லை. நம்பாததோடு நில்லாமல் மறுத்தும் எழுதினார். 1894இல் விடுமுறையில் இலண்டன் சென்றபோது பாட்ரிக் மான்ஸன் என்பாரைச் சந்தித்தார். மான்ஸன் சீனத்தில் வைத்தியம் செய்தவர். யானைக்காலுக்குக் காரணமான புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் கண்டவர். அவர் லாவரானின் ஒட்டுண்ணியை ராஸுக்குக் கண்ணெதிரே காட்டியதன்றி, மலேரியாவின் ஒட்டுண்ணியும் கொசுவின் வயிற்றில் வளரக்கூடும் என்னும் தம் ஊகத்தையும் சொன்னார். அன்று முதல் ராஸ் வேறு மனிதரானார்.

மான்ஸனின் ஊகத்திற் பாதி சரி, பாதி பிழை. கொசு நீரில் விழுந்து இறக்கும், அந்நீரைக் குடிப்பவருக்கு நோய் வரும் என்று அவர் எண்ணினார். ராஸ் 1895இல் சிகந்தராபாத்துக்கு மீண்டபின் இதனைச் சோதிக்க எண்ணி, கொசு இறந்த நீரை மனிதருக்கே கொடுத்துக் குடிக்கச் செய்தார். ஒருவருக்குச் சிறிது காய்ச்சல் கண்டது, பிறருக்கு ஒன்றுமில்லை. உடன்பட்டே குடித்தனர் என்று சொல்லப்படினும், துரைக்கு எதிரே இல்லையென்று சொல்ல அவர்களுக்கு எவ்வளவு வலியிருந்திருக்கும் என்று நாம் கேளாதிருக்க முடியவில்லை. ராஸின் பெருமையைச் சொல்லும்போது இதனை மறைப்பது நேர்மையன்று.

இரண்டாண்டுக் காலம் அவர் நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. தாம் பார்த்தவை வேறு சாதிக் கொசுக்கள் என்பதை அவர் அறியார். 1897ஆம் ஆண்டின் முற்பகுதியில் விடுமுறை பெற்று உதகமண்டலத்துக்கு வந்தவர், அங்கிருந்து கீழே சீகூர் மலைவழியிலுள்ள காய்ச்சற் பிரதேசத்திற்கு இறங்கினார். அங்கே அவருக்கே மலேரியா கண்டது. அங்கேதான் சுவரில் விசித்திரமாக உட்காரும் ஒரு கொசுவையும் கண்டார். அதன் சிறகுகளிற் புள்ளிகள் இருந்தன. அதுவே இன்று அனாபிலிஸ் என்று நாம் வழங்கும் இனம். தமிழ்நாட்டு மலைச்சாரல் ஒன்றுக்கு இக்கண்டுபிடிப்பில் இத்துணைப் பங்குண்டு என்பதை நம் பாடபுத்தகங்கள் சொல்லாமல் விட்டது வருத்தமே.

சிகந்தராபாத்துக்குத் திரும்பிய ராஸ், புழுக்களிலிருந்து தாமே வளர்த்த புள்ளிச்சிறகுக் கொசுக்களை ஹுஸேன் கான் என்னும் நோயாளியைக் கடிக்க விட்டார். கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் அவருக்குக் கூலி. ஆகஸ்டு மாதத்து வெப்பத்தில், விசிறியை இழுத்தாற் கொசுவின் உறுப்புகள் பறந்துவிடுமென்று காற்றின்றியே உட்கார்ந்து, வியர்வையால் திருகாணிகள் துருப்பிடித்த பூதக்கண்ணாடியைக்கொண்டு ராஸ் ஒவ்வொரு கொசுவாக ஆராய்ந்தார். ஆகஸ்டு 20ஆம் தேதி, கொசுக்கள் ஏறக்குறைய தீர்ந்துபோன நிலையில், ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரிற் கருநிறப் பொடி தூவிய வட்டமான சிறு உருண்டைகள் சிலவற்றைக் கண்டார். அந்தக் கருநிறம் மலேரியா ஒட்டுண்ணிக்கே உரியது. மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தபோது அவ்வுருண்டைகள் பெரிதாயிருந்தன. ஆகவே அவை வளர்கின்றன, ஆகவே உயிருள்ளவை. அன்றிரவு அவர் கடவுளுக்கு நன்றி கூறிச் செய்யுள் எழுதத் தொடங்கினார்.

அவ்வுருண்டைகள் யாவை என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்வது அவசியம். மனித இரத்தத்தில் வாழுமளவும் இவ்வொட்டுண்ணி ஆண் பெண் சேர்க்கையின்றித் தன்னைத்தானே பிளந்து பெருகுகிறது. அவற்றுட் சில மட்டும் ஆணாகவும் பெண்ணாகவும் மாறிக் காத்திருக்கும். கொசு இரத்தத்தை உறிஞ்சியதும், அதன் வயிற்றில் அவை கூடிக் கருவுறுகின்றன. பறவைகளின் இரத்தத்திலுள்ள இதற்கு நெருங்கிய ஓர் உயிரில் இக்கூடலை அதே 1897ஆம் ஆண்டில் மக்காலம் என்னும் இளைஞர் கண்டார். கருவுற்ற ஒவ்வொன்றும் கொசுவின் இரைப்பைச் சுவரைத் துளைத்து அங்கே ஓர் உருண்டையாகத் தங்குகிறது. ஆகவே ராஸ் கண்ட ஒவ்வோர் உருண்டையும் ஒரு திருமணத்தின் விளைவு. மனித உடல் அதற்கு வயல். கொசுவின் வயிறே மணப்பந்தல். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கண்டுபிடிப்பு நிகழ்ந்த சில வாரங்களில் அரசாங்கத்தார் ராஸை இராஜபுதனத்திலுள்ள கேர்வாரா என்னும் ஊருக்கு மாற்றினர். அவ்வூரில் மலேரியாவே இல்லை! மான்ஸன் இலண்டனில் முயன்றதன் பயனாக, 1898 பெப்ரவரியில் ராஸ் கல்கத்தாவுக்கு ஆராய்ச்சிக்கென்றே அனுப்பப்பட்டார். பிளேக் நோயைப் பற்றியும் ஊசிபோடுதலைப் பற்றியும் ஜனங்கள் பெரிதும் அஞ்சியிருந்த காலம் அது. இரத்தம் கொடுக்க எவரும் முன்வரவில்லை. எனவே பறவைகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகம்மது பக்ஸ் என்னும் உதவியாளர் கொசு வளர்ப்பதிலும் குருவி பிடிப்பதிலும் அவருக்கு வலக்கையாயிருந்தார். அவ்வாண்டு ஜூலையில், முதிர்ந்த உருண்டைகள் வெடித்து, அவற்றினின்று வெளிப்பட்ட நூல்போன்ற நுண்ணுயிர்கள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிற் சென்று சேர்வதைக் கண்டார். அத்தகைய கொசுக்களை நோயற்ற குருவிகள்மேல் விட, அவற்றுட் பெரும்பாலானவை நோயுற்றன. கொசு இறந்த நீரும் அன்று, கெட்ட காற்றும் அன்று, கொசுவின் கடியே காரணம் என்பது நிலைபெற்றது. மான்ஸன் அம்மாதமே எடின்பரோவில் வைத்தியர் சபை முன் அதனை அறிவித்தார்.

மனித மலேரியாவில் அனாபிலிஸ் கொசுவின் முழுப் பங்கை அவ்வாண்டின் இறுதியில் இத்தாலியரான கிராஸ்ஸியும் அவர் தோழர்களும் விளக்கினர். யார் முந்தியவர் என்னும் வழக்கு அதிலிருந்து எழுந்தது. 1902இல் நோபெல் பரிசு ராஸுக்கே தனியே அளிக்கப்பட்டது, வழக்கு ஓயவில்லை. கிராஸ்ஸியை அவர் இறுதிவரை கடுஞ்சொற்களாற் சாடினார். இரு திறத்தாரின் வாதங்களையும் படித்தபின், வெற்றி ராஸின் பக்கம் இருந்தும் பெருந்தன்மை அவர் பக்கம் இல்லை என்றே நமக்குப் படுகிறது.

1899இல் அவர் இந்திய உத்தியோகத்தை விட்டு நீங்கி, லிவர்ப்பூலில் புதிதாக நிறுவப்பெற்ற உஷ்ணமண்டல வைத்தியப் பள்ளியில் ஆசிரியரானார். ஆப்பிரிக்காவின் மேற்குக்கரையில் ஸியெரா லியோனுக்குச் சென்றார். சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவிற் கொசுவொழிப்புக்கு வழிகூறினார். அங்கே மலேரியா பெரிதும் குறைந்தது. ஆனால் இலாகூருக்கு அருகே மியான் மீர் என்னும் பட்டாள முகாமில் இந்திய அதிகாரிகள் நடத்திய கொசுவொழிப்பு பயனளிக்கவில்லை. கொசுவை முற்றிலும் ஒழித்தல் எவராலும் ஆகாது, ஒரு குளத்தைத் தூர்த்தால் அடுத்த ஊரிலிருந்து கொசு பறந்து வரும், ஆதலால் இம்முயற்சி வீண் என்று பலர் பேசத் தொடங்கினர்.

இவ்விடத்தேதான் கணக்கு வருகிறது. 1907-08இல் மொரீஷியஸ் தீவுக்கு ஆராய்ச்சிக்காகச் சென்றபோது ராஸ் இக்கேள்வியை நேரே எடுத்துக்கொண்டார். கொசுவை முற்றிலும் ஒழிக்கத்தான் வேண்டுமா? 1908இல் எழுதிய அறிக்கையிலும், 1911இல் வெளிவந்த மலேரியாத் தடுப்பைப் பற்றிய பெருநூலின் இரண்டாம் பதிப்பிலும் அவர் கண்ட விடை, வேண்டியதில்லை என்பதே.

அக்கணக்கின் போக்கை எளிதாகச் சொல்வோம். 1,000 பேர் வாழும் ஒரு கிராமத்தில் ஒருவருக்கு மட்டும் நோய் உண்டென்று கொள்வோம். அங்கே 48,000 கொசுக்கள் பிறந்தன. எல்லாக் கொசுவுக்கும் மனித இரத்தம் வாய்ப்பதில்லை. நான்கில் ஒன்றுக்கே வாய்க்கும் என்றால் 12,000 ஆயிற்று. அவற்றுள் அந்த ஒரே நோயாளியைக் கடிப்பவை ஆயிரத்தில் ஒன்று, அதாவது 12. ஒட்டுண்ணி கொசுவின் உடலில் முதிர ஒரு வாரத்துக்கு மேலாகும். அதுவரை மூன்றில் ஒரு பங்கே பிழைத்திருக்குமானால் எஞ்சியவை 4. அந்நான்கிலும் மறுபடி ஒரு மனிதரைக் கடிக்கும் வாய்ப்புப் பெறுவது ஒன்றே. ஆக, 48,000 கொசு பிறந்து புதிய நோயாளி ஒருவர் உண்டாகிறார்! பழைய நோயாளி குணமடைவதற்குள் புதியவர் ஒருவரேனும் உண்டாகாவிடில், நோய் வட்டியின்றி முதல் கரைவதுபோல் நாளடைவில் தானே கரைந்துபோகும். எனவே கொசுவைக் குறிப்பிட்ட ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாற் போதும். கடைசிக் கொசுவைத் துரத்திக்கொண்டு ஓடவேண்டுவதில்லை. பிறகு 1917இல் ஹில்டா ஹட்ஸன் என்னும் கணித அம்மையாரின் துணையோடு இக்கணக்கை எல்லாக் கொள்ளைநோய்க்கும் பொருந்துமாறு விரித்தார்.

இக்கணக்கு வைத்தியர்களுக்கு விளங்கவில்லை. கணித அறிஞர்கள் இதனைப் பொருட்படுத்தவில்லை. ராஸின் பிற்காலம் கசப்பு மிகுந்தது. தம் உழைப்புக்கு அரசாங்கத்தார் பணமாக ஒன்றும் தரவில்லை என்னும் குறை அவரை விட்டு நீங்கவேயில்லை. 1926இல் இலண்டனில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. 1927இல் கல்கத்தாவில் அவர் ஆராய்ந்த வைத்தியசாலையின் மதிலில் ஞாபகச் சின்னம் எழுப்பப்பட்டது. அடுத்த ஆண்டே, குடும்பச் செலவுக்காகத் தம் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் விற்பதாக அவர் விளம்பரம் செய்ய நேர்ந்தது. 1931இல் மனைவியார் ரோஸா அம்மையார் காலமானார். 1932 செப்டம்பர் 16ஆம் தேதி ராஸ், தம் பெயர் தாங்கிய நிலையத்திலேயே உயிர்நீத்தார். மனைவியாரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலத்தில் அந்நிலையத்தின் தலைவராயிருந்த ஜார்ஜ் மக்டொனால்ட் என்பவரே 1950க்குப் பிறகு ராஸின் கணக்கைத் திருத்தி வலுப்படுத்தினார். கொசுவின் எண்ணிக்கையினும் அதன் ஆயுளே முக்கியம் என்று அவர் காட்டினார். ஆனால் ஓர் இடர்ப்பாடு தீரவில்லை. இக்கணக்கைப் போட ஊரிலுள்ள கொசுவை எண்ணவேண்டும். அவற்றுள் எத்தனை நோயேந்தியவை என்று அறுத்துப் பார்க்கவேண்டும். நோய் குறைந்துவரும் ஊரிலோ ஆயிரம் கொசுவை அறுத்தாலும் ஓர் ஒட்டுண்ணி அகப்படாது. நோய் மறையும் தறுவாயில் அளவுகோலும் மறைந்துவிடுகிறது! இவருக்கு நோய் யாரிடமிருந்து வந்தது, பக்கத்து வீட்டிலிருந்தா, பக்கத்து நாட்டிலிருந்தா என்பதற்கும் விடையில்லை. ராஸ் எண்ணியது கொசுவை. ஒட்டுண்ணியின் குலமுறையை எண்ண அவர் காலத்தில் வழி இருந்ததில்லை.

இப்போது அவ்வழி உண்டு. அதனை விளக்கத் தமிழ் மாணவராகிய நமக்கு ஏட்டுச்சுவடியினும் பொருத்தமான உவமை கிடைக்கவில்லை. ஒரு நூலைப் பலர் பிரதி செய்யும்போது ஆங்காங்கே எழுத்துப்பிழை நுழைகிறது. உ. வே. சாமிநாதையரவர்கள் போன்ற பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை ஒப்புநோக்கியே எந்த ஏடு எந்த ஏட்டுக்கு உறவு என்று துணிந்தார்கள். ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுதியும் அத்தகைய ஓர் ஏடு. பிளாஸ்மோடியம் பால்ஸிபாரம் என்னும் கொடிய இனத்தின் ஏடு 14 கட்டுகளாக, ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் எழுத்துகள் கொண்டது. 2002இல் முழுதும் படிக்கப்பெற்றது. மனித இரத்தத்தில் அந்த ஏடு அப்படியே பிரதியாகிறது. கொசுவின் வயிற்றிலோ இரண்டு ஏடுகள் கலந்து புதிய ஏடு பிறக்கிறது.

இனி, மேலே நினைவில் வைக்கச் சொன்ன மணப்பந்தலை எண்ணுக. ஒரு நோயாளியின் உடலில் ஒரே குலத்து ஒட்டுண்ணிகள் மட்டும் இருந்தால், கொசுவின் வயிற்றில் அவை தமக்குள்ளேயே மணக்கும். பிறப்பது பழைய ஏட்டின் நேர்ப்பிரதியே. பல கொசுக்களின் கடியால் பல குலங்கள் ஒருவர் உடலிற் குடியேறியிருந்தால், வேறு வேறு ஏடுகள் கலந்து புதிய பாடங்கள் உண்டாகும். ஆகவே நோய் மலிந்த ஊரில் ஏடுகள் பலவாய்க் கலந்தும், நோய் அருகிய ஊரில் சிலவாய் ஒருபடித்தாயும் இருக்கவேண்டும். கொசுவை எண்ணாமலே, நோயாளிகளின் ஒரு துளி இரத்தத்திலுள்ள ஏடுகளை ஒப்புநோக்கி, ஊரில் நோய் எவ்வளவு பரவுகிறதென்று மதிப்பிடலாம்.

இது வெறும் ஊகமன்று. 1994இலும் 1995இலும் வெளியான இரண்டு ஆராய்ச்சிகளில், தான்சானியாவிலும் பாப்புவா நியூகினியிலும் பிடித்த கொசுக்களின் இரைப்பையிலிருந்து, ராஸ் கண்ட அதே உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அவ்வவற்றின் பெற்றோர் ஒரே குலத்தவரா வேறு குலத்தவரா என்று சோதித்தார்கள். பரவல் மிகுந்த தான்சானியாவிற் கலப்பு மணம் மலிந்திருந்தது. பாப்புவா நியூகினியில் தன்குல மணமே மிகுந்திருந்தது. 2000ஆம் ஆண்டில், உலகின் 9 இடங்களிலிருந்து 465 நோயாளிகளின் ஒட்டுண்ணிகளை 12 இடக்குறிகளால் ஒப்பிட்ட ஆராய்ச்சியிலும் இதே வரிசை தோன்றிற்று: நோய் மலிந்த ஆப்பிரிக்காவிற் பெருங்கலப்பு, நோய் அருகிய தென்னமெரிக்காவில் ஒருபடித்தான குலங்கள்.

இதனினும் நம் மனத்தைத் தொட்டது செனெகால் நாட்டுத் தியெஸ் நகரத்துச் செய்தி. அங்கே 2006 முதல் 2013 வரை நோயாளிகளின் ஒட்டுண்ணிகளில் 24 எழுத்துகளை மட்டும் படித்து வந்தார்கள். கொசுவலையும் நல்ல மருந்தும் பரவப் பரவ, ஒரே ஏட்டின் நேர்ப்பிரதிகள் வெவ்வேறு நோயாளிகளிடத்தே மேன்மேலும் தென்பட்டன. நோய் அருகுகிறதென்பது தெளிவாயிற்று. பிறகு 2012, 2013ஆம் ஆண்டுகளில் கலப்பு மறுபடி தலையெடுத்தது. நோய் மீண்டும் பரவத் தொடங்கியதை ஒட்டுண்ணிகளின் ஏடே காட்டிக்கொடுத்தது.

நோயின் யாத்திரையையும் இம்முறை காட்டுகிறது. பைரிமெத்தமின் என்னும் மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணி ஆப்பிரிக்காவிற் பல இடங்களில் தானே தோன்றியதென்று கருதியிருந்தனர். 2004இல் ஏடுகளை ஒப்பிட்டபோது, அது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கடல் கடந்து வந்த குலமென்று தெரிந்தது. ஆயினும் இம்முறையை மந்திரக்கோலாக எண்ணுதல் கூடாது. புதிய மருந்து ஒரு குலத்தை மட்டும் வாழவிட்டுப் பிறவற்றை அழித்தாலும் ஏடுகள் ஒருபடித்தாகத் தோன்றும்; அதைக்கொண்டு நோய் அருகிற்று என்று மகிழ்வது பேதைமை. சில நோயாளிகளின் இரத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊர் முழுவதற்கும் தீர்ப்புரைப்பதும் பிழையாகும். கொசுவலையும் சாக்கடைச் சீர்திருத்தமும் செய்யும் வேலையை ஏடு படித்தல் செய்யாது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறக்குறைய 26 கோடி பேருக்கு மலேரியா கண்டு, ஏறக்குறைய 5,97,000 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

நம் அண்டை நாடாகிய இலங்கையின் செய்தி ராஸின் கணக்குக்கு நல்ல சான்று. 1963இல் அந்நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா இருந்தது. வெற்றி வந்துவிட்டதென்று மருந்து தெளிப்பதைத் தளர்த்தினர். 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நோயாளிகள் ஏறக்குறைய இல்லையாயினர். ஆனால் கொசு ராஸ் சொன்ன எல்லைக்கு மேலேயே இருந்தது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், 2016இல் உலக சுகாதார நிறுவனத்தார் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தனர். கொசு இன்னும் அங்கே உண்டு. வெளிநாட்டிலிருந்து நோயோடு வருபவரும் உண்டு. அத்தகைய நாடொன்றில் நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டால், அவர் உடலிலுள்ள ஒட்டுண்ணி எந்நாட்டுக் குலத்தது, அது கப்பலிலோ விமானத்திலோ வந்ததா, அன்றி உள்ளூர்க் கொசு ஒன்று அதனை ஏற்கனவே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டுசென்றுவிட்டதா என்பதே அதிகாரிகள் அன்றே அறியவேண்டிய கேள்வி.